நோயினின்று மீண்ட மாதரும் அவர்தம் தொழிலும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மாதர் பகுதி நிகழ்ச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்திற் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் எமக்கு எழுதியபொழுது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியத்தினின்று ஏதேனும் ஒரு பொருளை எடுத்துப் பேசுவோம் என்றே கருதியிருப்பார்கள். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட பெண்மக்கள் மறுபடியும் தம் தொழிலுக்குத் திரும்புதல் என்பது. வைத்தியர் பேசவேண்டியதனைப் பண்டிதர் பேசுவானேன் எனச் சிலர் வினவலாம். நோயைத் தீர்ப்பது வைத்தியர் கடன். அதில் எமக்கு இடமில்லை. நோய் தீர்ந்து இல்லம் வந்தவளைத் தறிக்கும் கடைக்கும் பள்ளிக்கும் மீட்டும் கொண்டு சேர்ப்பதோ வீட்டாரும் ஊராரும் செய்யவேண்டியதொன்று. அதனைப் பேசுதற்கு வைத்தியம் கற்றிருத்தல் வேண்டுவதில்லை. நம் வீடுகளில் நடப்பதைக் கண்டிருந்தாற் போதும்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். மேனாட்டார் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். பண்டைக் கிரேக்க வைத்தியர், கட்டியைச் சுற்றிப் புடைத்துநின்ற நரம்புகளை நண்டின் கால்களாகக் கண்டனர் போலும். நம்மவரோ கறையான் புற்றைக் கண்டனர். வெளியே சிறிது தோன்றி உள்ளே பலவாறாக ஓடுதலின் அப்பெயர் பொருத்தமுடையதே. ஆயினும் நம் வீடுகளில் இவ்விரு பெயரும் வழங்குவதில்லை. ‘அந்த வியாதி’ என்றும் ‘பெரிய நோய்’ என்றுமே தாழ்ந்த குரலில் உரைக்கின்றனர். சொல்லாது விட்டால் வாராது என்பது எண்ணம் போலும். ஆனால் 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டிற் புதிதாக ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் உண்டாயிற்று என உலகப் புற்றுநோய்க் கணக்குக் கூறுகின்றது. இந்நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் பெற்றது. அன்றியும், மேனாட்டுப் பெண்களுக்கு வருவதினும் ஏறக்குறையப் பத்தாண்டு முன்னரே நம் பெண்களுக்கு வருகின்றது. மகளுக்கு மணம் பேசுங் காலம், மகன் கல்லூரிக்குச் செல்லுங் காலம், அவள் கைத்தொழில் முழுத்திறமும் பெற்று விளங்குங் காலம் எதுவோ அக்காலத்தில் வருகின்றது.

சென்னை அடையாற்றிற் புற்றுநோய் வைத்தியசாலையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அம்மையார் 1954-ஆம் ஆண்டில் தோற்றுவித்தார். தம் உடன்பிறந்தாளை இக்கொடுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை அதற்குத் தூண்டிற்று. அந்நாளில் மார்பகப் புற்றுக்கு அறுவை என்றால் மார்பையும் அதன்கீழ்த் தசையையும் அக்குளின் நெறிக்கட்டிகளையும் ஒருங்கே களைதல் என்பதே வழக்கம். அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்டு ஃபிஷர் என்பாரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டு ஆராய்ந்து, தொடக்க நிலையிற் கண்டால் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை செய்தாலும் உயிர் காத்தலில் வேறுபாடில்லை என 1985-இல் வெளியிட்டனர். இன்று, காலத்திற் கண்டறியப்பட்ட பெண்களுட் பெரும்பாலார் நெடுங்காலம் வாழ்கின்றனர். முன்னாளில் பிழைப்பாளா என்பதே வினா. இந்நாளில் பிழைத்தபின் எவ்வாறு வாழ்வாள் என்னும் வினாவும் உடனெழுகின்றது. முதல் வினாவிற்கு விடை தேடிய அளவு இரண்டாவதற்கு நாம் தேடவில்லை.

ஆம்ஸ்டர்டாம் நகரத்து அறிஞர் ஆஞ்செலா டி போயர் என்பார் பிறரோடு கூடிப் பல நாடுகளில் நிகழ்ந்த 36 ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து 2009-இல் ஒரு முடிவு வெளியிட்டார். புற்றுநோயினின்று மீண்டவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேர் வேலையின்றி இருந்தனர். நோயற்றவருள் அவ்வாறு இருந்தோர் நூற்றுக்கு 15 பேர். இக்கணக்கு பெரும்பாலும் செல்வ நாடுகளைப் பற்றியது. அங்கும் இந்நிலை என்றால், வேலைக்கு ஓலையும் ஒப்பந்தமும் இல்லாத நம் பெண்கள் நிலையை நீங்களே கருதிக்கொள்க.

இனி நம்மிடை நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். நம் உறவினருள் ஒருவர் நடத்தும் நூற்கடையில் ஒரு சகோதரி பதினோராண்டு கணக்கெழுதி வந்தார். அறுவையும் மருந்தேற்றமும் கதிரும் முடிந்து எட்டாம் மாதத்தில் வேலைக்குத் திரும்ப எண்ணிக் கடைக்குச் சென்றார். அவர் இருந்த இடத்தில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். முதலாளி எழுந்து நின்று வரவேற்று, காப்பி வருவித்துக் கொடுத்து, “நீ பட்டது போதும், அம்மா. வீட்டில் இருந்து ஓய்வெடு. குறை ஏதும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். சொன்னபடியே திங்கள்தோறும் ஒரு மூட்டை அரிசி அவ்வீட்டிற்குச் செல்கின்றது. அம்முதலாளி நல்லவர், அதில் ஐயமில்லை. அவர் யாரென யாம் கூறப்போவதில்லை, நீங்களும் வினவற்க. ஆயின் அச்சகோதரி எம் மனைவியாரிடம் உரைத்தது இது: “அண்ணி, அரிசி வேண்டும் என்று நான் போகவில்லையே. என் பேரேட்டைக் கேட்கத்தானே போனேன்.”

யாம் இன்று சொல்லவந்ததன் உயிர்நிலை இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கும். நம்மிடத்தில் இரக்கத்திற்குக் குறைவில்லை. அவ்விரக்கம் வந்து நிற்கும் இடமே பிழைபட்டது. சம்பளம் ஈட்டிய ஒருத்தியைத் தானம் பெறுபவளாக ஒரே நாளில் மாற்றிவிடுகின்றோம்; அதற்கு அவள் நன்றி பாராட்டவேண்டும் என்றும் எதிர்பார்க்கின்றோம்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் நோக்குங்கள். ‘ஓய்வெடு’ எனக் கூறி அவளைத் தறியினின்றும் கடையினின்றும் நிறுத்தும் அதே வீட்டில், விடியற்காலையில் அடுப்பை மூட்டுபவள் யார்? மாவரைப்பவள் யார்? துணி துவைத்துப் பிழிபவள் யார்? கூலி கிடைக்கும் வேலைக்கே ஓய்வு. கூலியில்லா வேலைக்கு ஒருநாளும் விடுப்பில்லை. ஈரப் புடைவையைப் பிழிதலினும் பேரேட்டிற் கணக்கெழுதுதல் உடலுக்குக் கடியதோ? அவள் மெய்வலி காலை ஒன்பது மணிக்குள் அடுக்களையிற் செலவாகிவிடுமாயின் தொழிலுக்கு எஞ்சுவது யாது? ஆதலின் அவளைத் தொழிலுக்கு மீட்கும் பணி கணவன்மாரும் வளர்ந்த மக்களும் குடத்தையும் துடைப்பத்தையும் கையில் எடுப்பதிலிருந்து தொடங்கும். இதனைக் கேட்டு நகைக்கும் இளைஞர்கள் இன்று மாலையே வீட்டிற் செய்து பார்ப்பாராக.

சிகிச்சை முடிந்த உடலில் எஞ்சி நிற்பன சில உண்டு. அவற்றை வீட்டாரும் முதலாளிகளும் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது அயர்வு. இது நாளெல்லாம் உழைத்தவனுக்கு வரும் களைப்புப் போன்றதன்று. உறங்கி எழுந்தாலும் நீங்காது. திங்கள் பல நீடிப்பதும் உண்டு. முகம் தெளிந்து முடி வளர்ந்துவிட்டமையால் பிறர் கண்ணுக்கு அது தோன்றாது. அதனால் ‘சோம்பல்’ என்னும் பழியும் வந்து சேரும். இதற்குப் படுக்கையிற் கிடத்தலினும் நாள்தோறும் அளவாக நடத்தலே நன்மருந்து என இக்கால வைத்தியர் கூறுகின்றனர். இரண்டாவது, மருந்தேற்றத்தின்போது சிலவகை மருந்துகளால் விரல்நுனி மரத்துப்போதல். மூன்றாவது மறதி, சொல் நாவில் வாராது நிற்றல், எண்ணிய எண்ணிக்கை தவறுதல். இது பெரும்பாலார்க்கு நாளடைவிற் குறைகின்றது. நான்காவது கைவீக்கம். அக்குளின் நெறிக்கட்டிகளைக் களைந்த பெண்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அப்பக்கத்துக் கை நீர்கோத்து வீங்குகின்றது. இக்காலத்தில் முதற்கட்டி ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தமையால் இத்துன்பம் குறைந்துள்ளது.

இக்கைவீக்கத்திற்கு அஞ்சி ‘அக்கையால் ஒன்றையும் தூக்காதே’ என்றே நெடுங்காலம் சொல்லிவந்தனர். அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்னும் அறிஞர், கைவீக்கமுள்ள 141 பெண்களைக்கொண்டு ஆராய்ந்து 2009-இல் முடிவு வெளியிட்டார். அவர்களுட் பாதிப்பேர் வாரம் இருமுறை, மிகச் சிறிய எடையிற் தொடங்கி, பயிற்றுவோர் முன்னிலையிற் படிப்படியாக எடை தூக்கிப் பழகினர். அவர்களுக்கு வீக்கம் மிகவில்லை, வீக்கம் திடீரென முற்றி வருந்துதல் மற்றையோரினும் குறைவாகவே இருந்தது, கைவலிமையும் கூடிற்று. இதனால் நாளைக்கே நீர்க்குடம் தூக்கலாம் என்பதன்று பொருள். படிப்படியாக, கற்றார் காட்டிய வழியில் என்பதே பொருள். கைப்பயிற்சி கற்பிப்போர் பெரிய வைத்தியசாலைகளில் உளர். அவர்களைக் கேட்டு வாராது நம் பாட்டிமார் சொல்லைக் கேட்டுக் கையைக் கட்டிவைத்தால் தோள் இறுகிப்போகும்.

நம்மவர்க்கு உரியது நெசவு. ஆதலின் தறியை வைத்தே ஒன்று கூறுவோம். நோயினின்று மீண்டவளைத் தறியில் அமர்த்தவேண்டா, இலேசான வேலையாகிய தார் சுற்றுதலைக் கொடுக்கலாம் என்பர் வீட்டார். நல்லெண்ணமே. ஆனால் விரல்நுனி மரத்திருப்பவளுக்கு நூலிழை கையில் ஓடுவது தெரியாது. இழை அறுந்ததும் தெரியாது. நாளெல்லாம் ராட்டையைச் சுற்றுதல் ஒரே தோளுக்கு வேலை. அறுந்த பாவிழையைப் பிணைத்தல் அவளுக்கு மலையாகும். அவளே தறியில் அமர்ந்தால், இரு கைகளும் காலும் பங்கிட்டு உழைக்குமாதலின், அரைமணி நெய்து கால்மணி ஓய்ந்து இயலக்கூடும். கைவீக்கமுடைய மற்றொருத்திக்கோ பலகையை இழுத்தடித்தலே ஆகாது. தார் சுற்றுதலே ஏற்கும். எது இலேசு, எது கடிது என்பது வேலையிலே இல்லை. அவள் உடலிலே இருக்கின்றது. அதனை அறிந்தவள் அவள் ஒருத்தியே. ஆகவே “உனக்கு எது இயலும்? எவ்வளவு நேரம் இயலும்? யார் உதவவேண்டும்?” என அவளையே கேட்டல் வேண்டும். நாமோ, மாமியாரைக் கேட்கின்றோம், கணவனைக் கேட்கின்றோம், சோதிடரைக் கேட்பவரும் உளர், அவளைக் கேட்பதில்லை.

கேட்டால் விளைவது யாது என்பதனை யாம் எம் பள்ளியிற் கண்டோம். எம்முடன் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், வலப்பக்கத்து அறுவை பெற்றவர், விடுப்பு முடிந்து திரும்பினார். அவருக்கு வகுப்பே வேண்டா, நூல் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் எனச் சிலர் கூறினர். அவரோ ஆறாம் வகுப்பே வேண்டும் என்றார். கேட்டன நான்கே: வகுப்பு கீழ்த்தளத்தில் இருக்கவேண்டும், அடுத்தடுத்து இரு பாடவேளைகள் கூடா, குறிப்பேட்டுக் கட்டுகளை மாணாக்கர் எடுத்துவரவேண்டும், மூன்று வாரத்திற்கொருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் நாளில் விடுப்பு வேண்டும். கால அட்டவணையைத் திருத்துதற்கு ஒரு சனிக்கிழமை முற்பகல் போதுமானதாயிற்று. கை உயர எழும்பாத முதற் பருவத்தில் கரும்பலகையின் கீழ்ப்பாதியிலேயே எழுதினார். பின்வரிசைப் பிள்ளைகள் முன்வந்து தரையில் அமர்ந்துகொண்டனர். அவர்களுக்கு அது விழாப்போல் இருந்தது. அவரை வருத்தியது வகுப்பன்று. ஆசிரியர் அறையில் தாம் நுழைந்ததும் பேச்சு நின்றுபோதலும், “இன்னுமா வேலைக்கு வருகிறீர்கள்?” என ஒருவர் கேட்டதுமே வருத்தின என்று பின்னொரு நாள் கூறினார்.

அரசாங்க வேலையிலும் உதவிபெறும் பள்ளியிலும் இருப்போர்க்கு மருத்துவச் சான்றின்பேரில் விடுப்பு உண்டு. ஆலைகளிலும் பின்னலாடைச் சாலைகளிலும் பணிசெய்து அரசு ஈட்டுறுதித் திட்டத்திற் பதிவுபெற்றோர்க்கு, நோய்க்காலத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம் உண்டு. புற்றுநோய் போன்ற நெடுநோய்களாயின், இரண்டாண்டு தொடர்ந்து பதிவிலிருந்தோர்க்கு அவ்வுதவி நூற்றுக்கு 80 வீதமாக உயர்ந்து இரண்டாண்டு வரையில் நீளும். இதனை அறியாமலே வேலையை விட்டு விலகி எழுதிக்கொடுத்துவிட்ட பெண்கள் பலர். மேலாளர் நீட்டும் எத்தாளிலும் கையொப்பமிடுமுன் ஈட்டுறுதிக் கிளை அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்தியசாலைச் செலவை ஏற்கும். இழந்த கூலியை ஏற்காது. வீட்டுத்தறியில் நெய்பவளுக்கும் நூற்கடையிற் கணக்கெழுதிய நம் சகோதரிக்கும் இவ்வீட்டுறுதியும் எட்டவில்லை. பல வீடுகளிற் கூட்டுறவுச் சங்கப் புத்தகமே கணவன் பெயரில் இருப்பதால், நெய்தவள் நெய்தாள் என்பதற்கே சான்றில்லை.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, புற்றுநோய் என அறியப்பட்ட நாள்முதலே ஒருவர் சட்டக் காப்புப் பெறுகின்றார். அவருக்கேற்பப் பணிமுறையைத் தக்கவாறு மாற்றிக்கொடுத்தல் முதலாளியின் கடமை. செருமனியில், வைத்தியரும் தொழிலாளியும் முதலாளியும் உடன்பட்டு, நாளொன்றுக்கு இரண்டு மணி, பின்னர் நான்கு மணி எனப் படிப்படியாக வேலையைக் கூட்டுகின்றனர். முழுவேலைக்குத் திரும்புமட்டும் நோய்க்கால உதவித்தொகை நிற்பதில்லை. இம்முறைக்கு ஹாம்பர்க் முறை என்று பெயர். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகட்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைகளை எண்ணிக் கூறிற்று. அவற்றுட் புற்றுநோய் இடம்பெறவில்லை. சட்டம் வரும்போது வருக. அதுகாறும் ஒரு கடைக்காரர் தம் கடையில் இரண்டு மணி, நான்கு மணி எனச் செய்துகொள்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை.

இனி, இச்சங்கத்திலே வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்று. நம் பெண்கள் வேலைக்குத் திரும்பாமைக்கு உடல்நோய் ஒரு பாதியே. மறுபாதி மகளின் மணப்பேச்சு. தாய் வெளியே நடமாடினால் ‘அவளுக்கு அந்நோய் வந்ததாமே’ எனப் பலர் நினைவுகூர்வர். சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சி அவளை உள்ளறையில் வைக்கின்றனர். உண்மை யாதெனில், மார்பகப் புற்றுநோய்களுள் பிறப்புவழி மரபணுக் குறையால் வருவன நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையிலேயே. அத்தகைய குறையையும் சோதித்தறிய இன்று வழியுண்டு. தந்தைவழியாகவும் அது வரும் என்பதனை மணமகன் வீட்டார் மறந்துவிடுகின்றனர்! தொட்டாலோ உடனுண்டாலோ இந்நோய் ஒட்டாது. நம் குலத்துச் சம்பந்தங்களைப் பேசி முடிப்பவர்கள் இவ்வவையில் முன்வரிசையில் வீற்றிருக்கின்றீர்கள். ‘தாய்க்கு நோய் வந்ததாமே’ என ஒருவர் கூறும்போது, “வந்தது, சிகிச்சை பெற்றாள், இப்போது வேலைக்குப் போகிறாள்; அப்புறம் என்ன?” என நீங்கள் மறுமொழி கூறிவிட்டால், பத்துச் சொற்பொழிவு செய்யவேண்டிய வேலை முடிந்தது.

ஒன்று மறவற்க. எல்லோரும் திரும்பியே ஆகவேண்டும் என யாம் கூறவில்லை. நோய் எலும்பிற்கும் ஈரலுக்கும் பரவியவர் உளர். சிகிச்சையே முடியாதவர் உளர். ‘போதும், இனி என் பேரனோடு இருப்பேன்’ என மனமார விரும்புவோரும் உளர். அவர்களை நெருக்குதல் கொடுமை. திரும்ப விரும்புகின்றவளுக்கு வாயில் திறந்திருக்கவேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

1952-இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்னும் அம்மையார், தாம் அறுவை பெற்று மீண்டபின், வைத்தியசாலைகளுக்குச் சென்று அவ்வறுவை பெற்ற பிற பெண்களைக் கண்டு பேசத் தொடங்கினார். கைப்பயிற்சிக்குப் பந்தும் கயிறும், உள்ளாடையில் வைத்துக்கொள்ளும் பஞ்சுத் திண்டும் கொண்டுசென்றார். வைத்தியர் பலர் முதலில் அதனை விரும்பவில்லை. ஆயினும் அவ்வியக்கம் வளர்ந்து ‘ரீச் டு ரிகவரி’ என்னும் பெயரோடு பல நாடுகளிலும் பரவிற்று. மீண்டவள் ஒருத்தி கட்டிலருகே வந்து நின்றால், வைத்தியர் நூறுமுறை சொல்லியும் நம்பாததனை நோயாளி நம்புகின்றாள். நம் குலத்தில் அவ்வாறு மீண்டவர்கள் எம் அறிவுக்கெட்டிய அளவிலேயே பலர் உளர். ஒருவரையொருவர் அறியாது இருக்கின்றனர்.

ஆகையால் சங்கத்தார்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். கல்வி நிதியினின்று ஆண்டுதோறும் ஒரு பகுதியை, அல்லது தனி நிதி ஒன்றைத் திரட்டி, சிகிச்சைக்காலத்தில் கூலி இழந்த நம் பெண்களுக்குக் கூலியாகவே கொடுத்தல் வேண்டும். உதவி என்று எழுதாது கூலி என்றே கணக்கில் எழுதுக. கடையும் ஆலையும் உடைய உறுப்பினர், நோயுற்ற பணிப்பெண்ணின் இடத்தை ஓராண்டு பிறர்க்கு நிலையாகக் கொடாது, வருபவரைத் தற்காலிகமாகவே அமர்த்துவதாக ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். மீண்ட பெண்கள் மாதர் பகுதியில் தம் பெயரைத் தருவாராயின், புதிதாக நோயுற்றோர் வீட்டிற்கு அவரை அனுப்பலாம். பெயர் வெளியிடப்படாது, மாதர் பகுதித் தலைவி அம்மையாரிடம் மட்டும் இருக்கும்.

இரண்டாவது வேண்டுகோளுக்குரிய ஒப்புதல் தாள் ஒன்றைக் காரியதரிசி அவர்கள் அச்சிட்டு வாயிலருகே மேசையில் வைத்துள்ளார்கள். யாம் எழுந்து பேசத் தொடங்குமுன் அதிற் கையொப்பமிட்டவர் இருவர். அவ்விருவருள் ஒருவர் நூற்கடை வைத்திருப்பவர். அவர் கையொப்பத்தின்கீழ், கணக்கெழுதும் இடம் வரும் தை மாதத்திலிருந்து காலை மட்டும் இரண்டு மணி நேரத்திற்கு என எழுதியிருக்கின்றார். உணவுக்குப் பின்னரும் மேசை அங்கேயே இருக்கும்.